முதுகுக்குப் பின்னால் பள்ளம்

கோடை விழாவுக்கு ஏற்காடு வரும் கூட்டம் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயின்ட்டிலும் செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. மழை பிடித்துவிட்டால் கிளியூர் அருவியின் வழுக்குப் பாறைகளிலும் அதே காட்சிதான். செல்ஃபி எடுப்பவர் எதைப் படத்தில் சேர்க்க விரும்புகிறாரோ அதற்கு முதுகு காட்டித்தான் நிற்க முடியும். கண் திரையில் இருக்கும், கால் பின்னுக்கு நகரும். விபத்து அந்த நிலையிலேயே ஒளிந்திருக்கிறது. இதை வெறும் விளம்பர மோகம் என்று திட்டுவதால் ஓர் உயிரும் பிழைக்காது.

தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்திகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் 259 பேர் செல்ஃபி எடுக்கும்போது இறந்திருக்கிறார்கள். மிக அதிகமானோர் இந்தியாவில். சராசரி வயது 23-ஐக்கூடத் தொடவில்லை. இளங்கன்று பயமறியாது என்று இதைத் தள்ளிவிடலாமா? 2019 அக்டோபரில் ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணையில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுக்கக் கைகோத்து நீரில் நின்றது. ஒருவர் வழுக்க மற்றவர்களும் இழுபட்டார்கள். புதுமணப்பெண் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் சாகசம் செய்யப் போனவர்கள் அல்லர்.

‘அவரவர் கவனக்குறைவுக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும், எச்சரிக்கைப் பலகை போதாதா’ என்று கேட்கலாம். மும்பை போலீஸ் 2016-ல் 16 இடங்களில் செல்ஃபிக்குத் தடை விதித்தது. எய்ம்ஸ் ஆய்வும் தடைப் பகுதிகளைப் பரிந்துரைக்கிறது. தடை தேவைதான். ஆனால், ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவர் படமில்லாமல் திரும்ப மாட்டார். காவலர் நகர்ந்ததும் பாறை முனைக்குப் போய்விடுவார். அந்தக் காட்சி அதே அழகோடு கிடைக்கும் ஒரு மேடையை, விளிம்பிலிருந்து தள்ளி, வழுக்காத தரையும் உறுதியான கம்பியுமாக நாமே கட்டித் தந்தால்தான் விளிம்பில் போடும் தடைக்கு மதிப்பு வரும். கம்பி மலையழகைக் கெடுக்கும் என்ற கவலை நியாயமானது. மேடைக்குக் கீழே, சரிவில் வேலியை இறக்கிப் போட்டால் அது படத்தில் விழாது. மலைப்பாதையிலும் அகலமான சில இடங்களில் வண்டி நிறுத்த வசதி செய்துவிட்டு, வளைவுகளில் நிறுத்துவோருக்கு அபராதம் விதிக்கலாம்.

இன்னொரு வேலைக்குப் பணமே தேவையில்லை. இத்தகைய சாவுகள் ‘தவறி விழுந்தார்’, ‘நீரில் மூழ்கினார்’ என்றே பதிவாகின்றன. உண்மை எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் என்பதை அந்த ஆய்வே ஒப்புக்கொள்கிறது. விழுந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், எந்தப் பாறையில் நின்றார் என்று காவல் நிலையம் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். முதல் மேடையை எங்கே கட்டுவது என்பதைச் சேலம் மாவட்ட நிர்வாகம் அந்த வரிகளிலிருந்தே, அடுத்த கோடை விழாவுக்குள் முடிவு செய்துவிடலாம்.