மெர்க்யூஷியோ ஏன் செத்தான்?

'ரோமியோ ஜூலியட்' என்றதும் ஒரு மாடமும், அதில் ஒரு பெண்ணும், கீழே அண்ணாந்து நிற்கும் காதலனும் நம் கண்முன் வருகிறார்கள். கூடவே ஒரு தீர்ப்பும் வருகிறது: பெற்றோரின் பகை இரண்டு பிள்ளைகளைக் காவு வாங்கியது, பாழும் விதி அதற்குத் துணைபோனது. கதைச்சுருக்கங்களும் மேடைப்பேச்சுகளும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஊன்றிவிட்டன.

நாடகத்தை வரிசையாகப் படித்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில், கொளுத்தும் வெயிலில், வெரோனாத் தெருவில் நான்கு இளைஞர்கள் நிற்கிறார்கள்: ரோமியோ, அவன் நண்பர்கள் மெர்க்யூஷியோ, பென்வோலியோ, ஜூலியட்டின் உறவினன் டிபால்ட். நாடகம் திரும்புவது அங்கேதான். அவர்களுடைய நட்பும் போட்டியுமே இந்தத் துயரத்தின் அச்சாணி என்பது என் வாதம். வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பெற்றோரின் பகைதான் கொன்றது'

பகையைத் தொடங்கியவர்கள் பெரியவர்கள் என்பதில் மறுப்பில்லை. ஆனால் நாடகம் தொடங்கும்போதே அந்தப் பகை கிழடுதட்டிவிட்டது. முதல் காட்சியில் ஜூலியட்டின் தந்தை கபுலெட் தன் நீண்ட வாளைக் கேட்கிறார். உமக்கு வாள் எதற்கு, ஊன்றுகோல் போதுமே என்கிறாள் மனைவி. நம்மைப் போன்ற வயதானவர்கள் சண்டையில்லாமல் இருப்பது கடினமல்ல என்று அடுத்த காட்சியில் அவரே, ஜூலியட்டைப் பெண்கேட்டு வந்த பாரிஸிடம் சொல்கிறார். தன் வீட்டு விருந்தில் ரோமியோவின் குரலை அடையாளம் கண்டு டிபால்ட் கொதிக்கும்போது அவனை அதட்டி அடக்குபவரும் அவர்தான். ரோமியோ நல்ல பிள்ளை என்று ஊரே சொல்கிறது, என் வீட்டில் அவனுக்கு அவமரியாதை நடக்கக் கூடாது என்கிறார்.

இந்தக் கதையை நியூயார்க் தெருக்களுக்குக் கொண்டுபோன 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1957இல் பிராட்வேயில் அரங்கேறியது. அதில் பெற்றோர் மேடைக்கே வருவதில்லை. இருந்தும் மெர்க்யூஷியோவின் இடத்தில் உள்ள ரிஃப் சாகிறான், டிபால்ட்டின் இடத்தில் உள்ள பெர்னார்டோ சாகிறான், கடைசியில் ரோமியோவின் இடத்தில் உள்ள டோனியும் சாகிறான். பெற்றோரை எடுத்துவிட்டாலும் கதை நடக்கிறது. இளைஞர் கூட்டத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

'விதி விளையாடிவிட்டது'

நாடகத்தின் முன்னுரை விண்மீன்களைக் குற்றம் சொல்கிறது. ஜூலியட் சாகவில்லை, உறங்குகிறாள் என்று ரோமியோவுக்குச் சொல்லும் கடிதம், அதை எடுத்துப்போன துறவி ஜான் கொள்ளைநோய்க் காவலில் அடைபட்டதால் போய்ச் சேராததும் தற்செயல்தான். ஆனால் கடிதம் எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது? ரோமியோ மாண்டுவாவில் இருந்தான். ஏன் அங்கே போனான்? நாடுகடத்தப்பட்டான். ஏன்? டிபால்ட்டைக் கொன்றான். அதற்கு முன்னால், மெர்க்யூஷியோ அவன் கண்ணெதிரே வெட்டுண்டான். நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் அது அந்தத் தெருவில்தான் முடிகிறது.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது 1562இல் ஆர்தர் புரூக் வெளியிட்ட நெடுங்கவிதையிலிருந்து. அதில் மெர்க்யூஷியோ, விருந்தில் ஜூலியட்டின் பக்கத்தில் உட்காரும், கை சில்லிட்ட ஒரு விருந்தாளி; அவ்வளவுதான். அவன் சாவு அதில் கிடையாது. கதையும் பல மாதங்கள் நீள்கிறது. ஷேக்ஸ்பியர் அந்த விருந்தாளியை ரோமியோவின் உயிர்நண்பனாக்கினார், டிபால்ட்டின் வாளுக்குப் பலிகொடுத்தார், மாதங்களை ஐந்தே நாளாகச் சுருக்கினார், திருமணத்தையும் கொலையையும் ஒரே பிற்பகலில் வைத்தார். விதி ஒன்றே போதுமென்றால் இவ்வளவு பாடு எதற்கு?

'மெர்க்யூஷியோ இடையில் வந்த வேடிக்கைக்காரன்'

மெர்க்யூஷியோவை மூன்றாம் அங்கத்திலேயே கொல்லாவிட்டால் அவன் தன்னைக் கொன்றிருப்பான் என்று ஷேக்ஸ்பியர் சொன்னதாக ஒரு பேச்சை 1672இல் கவிஞர் டிரைடன் பதிவுசெய்தார். அன்றுமுதல், நாயகனை மறைத்துவிடுவானோ என்ற பயத்தில் ஷேக்ஸ்பியர் அவனை அப்புறப்படுத்தினார் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் யார் என்று பார்க்க வேண்டும். அவன் ரோமியோவின் மாண்டேகு குடும்பத்தவனும் அல்ல, ஜூலியட்டின் கபுலெட் குடும்பத்தவனும் அல்ல, வெரோனாவை ஆளும் இளவரசனின் உறவினன். கபுலெட் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. பகையில் எந்தப் பங்கும் இல்லாத இவன்தான் அந்தப் பகையில் நம் கண்முன் விழும் முதல் பிணம். குடும்பப் பகையை வைத்து இந்தச் சாவை விளக்கவே முடியாது. தன் நண்பன் ரோமியோ ஊரறிய டிபால்ட்டிடம் பணிந்து பேசியதை அவனால் தாங்க முடியவில்லை. அவன் வாளை உருவியது அதற்காக.

'டிபால்ட்தான் வில்லன்'

டிபால்ட் முன்கோபி, சமாதானம் என்ற சொல்லையே வெறுப்பவன், ரோமியோவின் வீட்டுக்குச் சவால் கடிதம் அனுப்பியவன். அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தெருவில் அவன் மெர்க்யூஷியோவிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறான்; வார்த்தையோடு ஒரு அடியும் சேர்த்துக் கொடேன் என்று சீண்டுகிறான் மெர்க்யூஷியோ. ரோமியோ வந்ததும், நான் தேடிய ஆள் வந்துவிட்டான் என்று டிபால்ட் விலகப் பார்க்கிறான். ஒண்டிக்கு ஒண்டி வா என்று அவனை மறுபடி இழுத்து, முதலில் வாளை எடுத்தவன் மெர்க்யூஷியோ.

பின் பழி முழுவதும் டிபால்ட் மேல் விழுந்தது எப்படி? இளவரசன் வந்து விசாரிக்கும்போது சாட்சி சொல்கிறவன் பென்வோலியோ. டிபால்ட் முதலில் பாய்ந்ததுபோல அவன் சொல்கிறான். பாசம் இவனைப் பொய் பேசவைக்கிறது என்று கபுலெட்டின் மனைவி கத்துகிறாள். ரோமியோ சாக வேண்டும் என்று அவள் கேட்கும் தண்டனை கொடியது, ஆனால் அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. இறந்த நண்பனுக்காக உயிரோடிருக்கும் நண்பன் உண்மையைக் கொஞ்சம் வளைத்தான். நாமும் நானூறு ஆண்டுகளாக அவன் சாட்சியத்தையே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

'நட்பு காத்தது, போட்டி கொன்றது'

இருப்பதிலேயே ஆழமான பிழை இதுதான். நாடகத்தில் இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. 1590களில் இத்தாலிய வாள்வித்தை லண்டன் இளைஞர்களிடையே பெரும் மோகமாக இருந்தது. வின்சென்டியோ சவியோலோவின் வாள்வித்தை நூல் 1595இல் அங்கே அச்சானது. அந்த வித்தையில் தேர்ந்த டிபால்ட்டின் வீச்சுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேலிசெய்கிறான் மெர்க்யூஷியோ. ஒருவனைக் கண்ணெடுக்காமல் பார்த்தவனுக்குத்தான் அவ்வளவு தெரியும்.

நட்பின் பெயரால் நடக்கும் உயிரிழப்பு ஷேக்ஸ்பியரின் கற்பனையும் அல்ல. 1589இல் லண்டன் ஹாக் லேனில் கவிஞர் மார்லோவும் வில்லியம் பிராட்லி என்பவனும் வாளோடு மோதினார்கள். நடுவே வந்த மார்லோவின் நண்பர் தாமஸ் வாட்சன் மேல் திரும்பிய பிராட்லி, வாட்சன் கையால் செத்தான். வாளும் ரோஷமும் நண்பர்களும் ஒரே தெருவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த நகரத்து நாடகக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் மனத்தை அறுப்பது ரோமியோவின் மௌனம். அவன் ஜூலியட்டை மணந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. டிபால்ட் இப்போது அவனுக்கு உறவுக்காரன். 'எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்று நண்பனின் காதில் சொல்லியிருந்தால் மெர்க்யூஷியோவின் கை வாளுக்குப் போயிருக்காது. அவன் ஏன் சொல்லவில்லை? ரகசியம் காக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அன்றைக்கே முன்னால் நடந்த பேச்சில் தெரிகிறது. ரோமியோ கேலிக்குக் கேலி பேசியபோது மெர்க்யூஷியோ மகிழ்ந்துபோகிறான்: காதலென்று முனகுவதைவிட இது எவ்வளவோ மேல், இப்போதுதான் நீ ரோமியோ என்கிறான். அந்தக் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் சிரித்துப் பேசலாம். மனம் கனிந்ததை மட்டும் பேச முடியாது. உயிரைக் கொடுக்கத் தயாரான நண்பனிடம் உள்ளத்தைக் காட்ட இடமில்லை.

அதனால் ரோமியோ விளக்கம் சொல்லாமல் பணிகிறான். நண்பன் கண்ணுக்கு அது கோழைத்தனமாகத் தெரிகிறது. தடுக்கப் பாய்ந்த ரோமியோவின் கைக்குக் கீழாகவே டிபால்ட்டின் வாள் நுழைகிறது. நண்பன் வீழ்ந்ததும் ரோமியோ, ஜூலியட்டின் அழகு தன்னைப் பெண்போல இளக்கிவிட்டது என்று நொந்துகொள்கிறான். செத்தவனின் அளவுகோலை எடுத்துத் தன்னையே அளந்து, அதற்கு ஈடுகட்டத்தான் டிபால்ட்டைக் கொல்கிறான்.

பெரியவர்கள் குற்றமற்றவர்கள் அல்லர். வாள் தூக்கும் ஊரை அமைத்தவர்கள் அவர்கள். கடைசியில் காதலர்களுக்குப் பொற்சிலை வைப்பதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள். மெர்க்யூஷியோவுக்குச் சிலை இல்லை. நம் கதைச்சுருக்கங்களும் அந்தப் பெரியவர்களைப் போலவே நடந்துகொள்கின்றன.

வகுப்பில் இந்த நாடகத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாடக் காட்சியோடு நின்றுவிடாதீர்கள். பதினாறு வயதுப் பையனுக்குக் குடும்பப் பகை தெரிந்திருக்காது; நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நன்றாகத் தெரியும். அந்தத் தெருக் காட்சியை அவனை வாசிக்கச் சொல்லுங்கள். டிபால்ட்டின் முன் ரோமியோ வந்து நிற்கும் இடத்தில் நிறுத்தி, ரோமியோ இப்போது மெர்க்யூஷியோவிடம் என்ன சொல்லலாம் என்று கேளுங்கள். அவன் யோசிக்கட்டும்.