மணவாளக்குறிச்சி மணலும் மனப்பாடமும்

கடம்பத்தூரில் புகைவண்டி ஏறிச் சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவர் சிலர், தேர்வு நெருங்குங்கால் மூலகங்களின் பெயர்களைப் பாராயணம் செய்துகொண்டே வருவதைக் கேட்டிருக்கிறேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என ஒருவர் தொடங்க, மற்றவர் தொடர்வார். கூடவே ஒரு விதியும் வரும்: ஆவர்த்தன அட்டவணையின் நெடுவரிசையில் கீழிறங்க அணுவின் பருமன் பெருகும், கிடைவரிசையில் வலப்புறம் செல்லக் குறுகும். விதி பிழையன்று. ஆயினும், ஏன் என்று வினவினால் விடை வருவதில்லை. விதி தவறும் இடத்தை முதலிற் காட்டி, அதன்பின் விதியைக் கற்பித்தலே நன்று என்பது எனது துணிபு. அவ்விடத்தைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையே போதும்.

அக்கரையின் கனமணலில் இல்மனைட், சிர்கான், மானசைட் முதலிய கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. இல்மனைட்டில் உள்ளது டைட்டானியம். சிர்கானில் உள்ளது சிர்கோனியம். இரண்டும் ஒரே நெடுவரிசையில் மேலுங்கீழுமாக நிற்பவை. நான்கு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் டைட்டானியத்தின் ஆரம் சுமார் 60 பிக்கோமீட்டர். அஃதாவது, ஒரு மீட்டரை இலட்சங்கோடிப் பங்கிட்டால் அவற்றுள் 60 பங்கு. சிர்கோனியத்திற்கு அது 72. விதி மெய்யாயிற்று. அதற்கும் கீழே நிற்பது ஹாப்னியம். அது இன்னும் பருத்திருக்க வேண்டுமன்றோ? அதன் ஆரமோ 71!

காரணம் அதே மணலின் மானசைட்டில் இருக்கின்றது. ஹாப்னியத்திற்கு முன்னே லாந்தனைடுகள் வரிசையாக நிற்கின்றன. மானசைட்டில் மிகுந்திருப்பவை அவற்றுட் சிலவே. அவ்வரிசையில் ஒவ்வொரு படி செல்லுங்கால் கருவில் ஒரு புரோட்டானும், உட்கூட்டில் ஓர் எலெக்ட்ரானும் கூடும். அவ்வெலெக்ட்ரான்கள் கருவின் இழுப்பை வெளிக்கூட்டிற்கு எட்டாமல் தடுப்பதில் ஓட்டைக் குடை போன்றவை. ஆதலின் கூடு சுருங்கிக்கொண்டே வரும். லாந்தனத்தின் அயனிக்கு 103 ஆக இருந்த ஆரம், லுட்டீசியத்தில் 86 ஆகிவிடுகின்றது. அடுத்த படியில் நிற்கும் ஹாப்னியம் இச்சுருக்கத்தையும் உடன்கொண்டே வருகின்றது.

பருமனும் மின்னேற்றமும் ஒத்தமையால், ஆக்ஸிஜனுடன் கொள்ளும் பிணைப்பும் ஏறக்குறைய ஒத்துவிடும். சிர்கான் படிகத்தில் சிர்கோனியம் இருக்கவேண்டிய இடத்தில் ஹாப்னியம் ஓசையின்றி அமர்ந்துகொள்ளும். இலங்கையிலிருந்து சென்ற சிர்கான் கல்லை ஆராய்ந்து கிளாப்ராத் 1789-இல் சிர்கோனியத்தைக் கண்டார். உடனிருந்த ஹாப்னியமோ 1923-இல், கோப்பன்ஹேகனில் காஸ்டர், ஹெவெசி என்னும் இருவர் எக்ஸ் கதிரால் நோக்கும்வரை அகப்படவில்லை. அதன் உலோகம் சிர்கோனியத்தினும் இருமடங்கு அடர்த்தியுடையது. அவ்வளவு கனமிருந்தும் 134 ஆண்டுகள் ஒளிந்திருந்தது வியப்பே!

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. கல்பாக்கத்துக் கனநீர் அணு உலைகளில் எரிபொருளைப் பொதியும் குழாய்கள் சிர்கோனியக் கலவையாலானவை. அது நியூட்ரான்களை எளிதில் போகவிடும். ஹாப்னியமோ அதனைவிட ஐந்நூறு மடங்கிற்கு மேலாக அவற்றை விழுங்கும். ஆகவே, பிரிக்க அரிதாகிய இரண்டையும் பிரித்தே தீரவேண்டும். ஹைதராபாத்து அணு எரிபொருள் வளாகத்தில் கரைப்பான்களைக்கொண்டு அவ்வாறே பிரிக்கின்றனர்.

பாடத்திட்டம் நீண்டது, இதற்கெல்லாம் நேரமேது என்பாருமுளர். பெயர்களை ஒப்பிக்கச் செலவாகும் நேரத்தில் ஒரு மணி போதும். மாணவர்கள் மணலை அள்ளிவர வேண்டுமென்றும் கூறினேனல்லேன். மானசைட் தோரியம் உடையது, சட்டக் கட்டுப்பாட்டிற்கும் உட்பட்டது. கரும்பலகையில் 60, 72, 71 என்னும் மூன்று எண்களை எழுதிவிட்டு, ஆசிரியர் சிறிது நேரம் வாளா நின்றாற் போதும்.