குழந்தைக்கு எல்லைக்கல் ஏது?



பாறசாலை நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் அறையில் அமர்ந்து அமர்ந்து, வருவோர் முகத்தைக் கொண்டே அவர்தம் பயணத்தின் நோக்கத்தை ஊகிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, துணியில் சுற்றிய சிறுவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் நாகர்கோவிலுக்குச் சீட்டுக் கேட்டார். நம் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் கொத்தனார் அவர்; திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பின் பொருட்டு வந்தவர்.

"என்ன அண்ணாச்சி, இந்நேரத்தில்?" என்றோம்.

"பயலுக்குக் கை முறிஞ்சு போச்சு சார். இங்க ஒரு ஆஸ்பத்திரியில நம்ம ஊர் அட்டை செல்லாதுன்னுட்டாங்க. ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுபோறேன்" என்றார்.

அதே வாரத்தில் நம் மகளுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. இரயில்வே மருத்துவ அட்டையைக் காட்டினோம், வைத்தியர் பார்த்தார், மருந்து கிடைத்தது, காலணாச் செலவில்லை. அவள் செய்த புண்ணியம் இரயில்வே ஊழியருக்கு மகளாய்ப் பிறந்தது ஒன்றே. கொத்தனாரின் மகன் செய்த குற்றந்தான் யாதோ?

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் களியக்காவிளையில் ஒரு கோடு. பேருந்தும் வாழைக்குலையும் கல்யாணச் சம்பந்தமும் அக்கோட்டைத் தினந்தோறும் கடக்கின்றன. சர்க்கார் அட்டை மட்டும் அங்கே வந்து தயங்கி நிற்கிறது.

அட்டைகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கிற்று. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் வந்தது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் 2019-இல் வந்தது. அதில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எனினும் முன்னரே அட்டை பெற்றிருந்த குடும்பங்களே அதில் பெரும்பாலும் அடங்கும். பிற மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளருக்கென்று 2017-இல் கேரளம் 'ஆவாஸ்' என்றொரு காப்பீட்டை ஏற்படுத்தியது. பாராட்டத்தக்க செயலே. ஆயின் அது 18 வயது முதல் 60 வயது வரையுள்ள தொழிலாளர்க்கு உரியது. தகப்பன் சாரத்திலிருந்து விழுந்தால் அட்டை உண்டு. மகன் மாமரத்திலிருந்து விழுந்தால் இல்லை.

முன்னிருந்த ஆர்.எஸ்.பி.ஒய். திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்து பேர், 30,000 ரூபாய் என்று வரம்பு இருந்தது. ஆறாவது ஆள் பாட்டியா, கைக்குழந்தையா என்று வீட்டார் தீர்மானிக்க வேண்டிய தர்மசங்கடம்! ஆயுஷ்மான் திட்டத்தில் அந்த எண்ணிக்கை வரம்பு நீங்கியது நன்மையே.

நிற்க. குழந்தைகளின் காப்பீட்டுக்கு அரசு பணம் கொடுப்பது தகுமா என்ற வாதம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டிலேயே முதியோருக்கும் வறியோருக்கும் அரசு மருத்துவ உதவி ஏற்பட்டது. வறியோர் பட்டியலில் சேராமலும், காப்பீடு வாங்க வசதியில்லாமலும் இடையில் நின்ற குடும்பத்துக் குழந்தைகளுக்கு 1997-இல்தான் ஒரு திட்டம் வந்தது. அதை விரிவாக்கும் மசோதாவை 2007-இல் அதிபர் புஷ் இருமுறை நிராகரித்தார். வைத்தியம் முழுவதும் சர்க்கார் கைக்குப் போய்விடும், வசதியுள்ளோரும் தனியார் காப்பீட்டை விட்டு இதில் நுழைவர் என்பது அவர் தரப்பு. 2009-இல் ஒபாமா கையெழுத்திட்டார். செலவுக்குச் சிகரெட்டின்மீது வரி உயர்ந்தது.

நம் நாட்டில் 2024-இல், 70 வயது நிரம்பிய அனைவரையும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் திட்டத்தில் மத்திய அரசு சேர்த்தது. முதியோருக்குக் கிட்டியதில் நமக்கு மகிழ்ச்சியே. வருமானம் கேளாமல் பாட்டனுக்குத் தரலாமென்றால் பேரனுக்குத் தரலாகாதா என்பதே நம் கேள்வி.

மறுதரப்பார் கூறுவதையும் ஒதுக்கிவிட முடியாது. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுப்போருக்கே உதவுகிறது. குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குப் புறநோயாளியாகப் பார்க்கும் செலவு அதில் சேராது. ஆகவே அந்தப் பணத்தை அரசு மருத்துவமனைகளுக்கே செலவிடுக என்பர். இதில் உண்மை உண்டு. இளம் வயதில் மறைந்த இளவரசர் அவிட்டம் திருநாள் நினைவாகத் திருவனந்தபுரத்தில் 1952-இல் தோன்றிய எஸ்.ஏ.டி. மருத்துவமனை எத்தனை எளிய தாய்மாருக்குத் துணை நின்றிருக்கிறது! அன்று ஆசாரிப்பள்ளத்திலும் கொத்தனாரின் மகனுக்கு அட்டை கேளாமலே கட்டுப் போட்டார்கள்.

அப்படியானால் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்க, அவர் ஏன் முதலில் தனியாரிடம் ஓடினார்? பின்னர் கேட்டோம். அட்டை இல்லாதவரை அங்கே சேர்க்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அறிவிப்புப் பலகை மலையாளத்தில் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. முறிந்த கையோடு பையன் இரவெல்லாம் அழுதது இந்த அறியாமையினால்தான். மற்றொன்றும் தெரிய வந்தது: ஊரைவிட்டு வந்தபின் பிறந்த அப்பையனின் பெயர் ஊர்க் குடும்ப அட்டையில் ஏறவேயில்லை.

ஆதலின் நம்மவர் மூன்று காரியம் செய்தல் வேண்டும். முதலாவது, இங்கே பிறந்த பிள்ளைகளின் பெயரைக் குடும்ப அட்டையில் காலந்தாழ்த்தாது சேர்ப்பது. தமிழ்நாட்டுக் காப்பீட்டுக்கு அந்த அட்டையும் வருமானச் சான்றும் இன்றியமையாதன. இரண்டாவது, தம் குடும்பம் ஆயுஷ்மான் பட்டியலில் உள்ளதா என்று 14555 என்ற எண்ணில் விசாரிப்பது. இருந்தால் அந்த அட்டை பிற மாநிலத்தில் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையிலும் செல்லும். மூன்றாவது, குறையைத் தமிழிலேயே எழுதுவது. கேரள அரசுச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் எழுதலாமென்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது.

'ஆவாஸ்' திட்டத்தில் பிள்ளைகளையும் சேர்க்கும்படி கோரி நம் சங்கம் ஒரு விண்ணப்பம் எழுதலாம். வாசகர்கள் ஒப்புவரேல் படி எடுத்து எழுதும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எழுத்தர் உத்தியோகத்தில் இருந்து இதுகூடச் செய்யாவிடில் வேறெதற்கு இந்தக் கை?