ஒரு மணி நேரப் பயணமா?

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரத்தில் பறந்துவிடலாம் என்று பலர் கூறுவதுண்டு. இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். எனவே, அக்கூற்றில் தவறில்லை. ஆனால், அந்த ஒரு மணி நேரம் விமானத்தின் நேரமே தவிர, பயணியின் நேரமன்று.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் நகர மையத்தில் இல்லை, சிப்பாங்கில் உள்ளது. கே.எல். சென்ட்ரலிலிருந்து விரைவு இரயிலில் சென்றாலும் 57 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய அரை மணி நேரமாகும். வீட்டிலிருந்து அந்த நிலையத்திற்குச் செல்லும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் கழிந்துவிடும். பயணப்பெட்டியை ஒப்படைத்தல், பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவுச் சோதனை ஆகியவற்றுக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகவே செல்வது வழக்கம். சாங்கியில் இறங்கிய பிறகு, சோதனைகளை முடித்து நகரத்தை அடைய மேலும் ஒரு மணி நேரம் தேவைப்படலாம். ஆக, ஒரு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகிவிடுகிறது.

பேருந்தில் சென்றால், சாதாரண நாள்களில் ஐந்து அல்லது ஆறு மணி நேரத்தில் சிங்கப்பூரை அடையலாம். அப்படியிருக்க, விமானம் மிச்சப்படுத்தும் நேரம் மிகக் குறைவே. மேலும், விமானம் மேலெழும்பும்போது எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. அதனால், குறுகிய தூரப் பயணங்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் எரிபொருள் கூடுகிறது, சுற்றுச்சூழலும் பாதிப்படைகிறது.

இதனால் விமானப் பயணமே வேண்டாம் என்று கூறிவிட முடியாது. பள்ளி விடுமுறைக் காலங்களில் ஜொகூர் பாலத்தில் வாகனங்கள் மணிக்கணக்கில் காத்திருக்கின்றன. அப்போது விமானமே கைகொடுக்கும். கடல் கடந்து கோத்தா கினபாலுவுக்குச் செல்வோருக்கும் விமானத்தைவிடச் சிறந்த வழியில்லை.

ஆயினும், நிலவழியாகச் செல்லக்கூடிய அண்டை நகரங்களுக்கு இரயிலே பொருத்தமானது. ஜப்பானில் தோக்கியோவையும் ஒசாக்காவையும் அதிவேக இரயில் 1964ஆம் ஆண்டு முதல் இணைத்து வருகிறது. கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் 90 நிமிடத்தில் இணைக்கும் அதிவேக இரயில் திட்டத்திற்கு 2016ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. எனினும், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பெரும் பொருட்செலவு ஆகும் என்பது உண்மையே. ஆனாலும், இரு நாட்டு மக்களின் நேரத்தையும் சுற்றுச்சூழலையும் கருத்தில் கொண்டால், அத்தகைய திட்டம் மீண்டும் பரிசீலிக்கப்பட வேண்டியதே.

அதுவரை, பயணத்தைத் திட்டமிடுவோர் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை மட்டும் கணக்கிடாமல், வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்தின் வாசல் வரை கணக்கிட்டுப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.