புள்ளி வைத்தால் கோலமாகுமா?

மார்கழி விடியற்காலையில் வாசல் தெளித்துப் பதினைந்து புள்ளி வைக்கிறோம். புள்ளி வைத்ததும், "ஆயிற்று!" என்று கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டால் அது கோலமாகிவிடுமா? இழை பிசகாமல் இழுத்துச் சேர்த்தால்தானே கோலம்? ஒரு நகரத்துக்குப் போடும் முழுமைத் திட்டமும் அப்படித்தான். வரைபடம் அச்சாகி வந்தால் புள்ளி வைத்தாயிற்று என்று அர்த்தம். அவ்வளவுதான்.

"திட்டமும் சட்டமும் ஆபீஸ்காரர்கள் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காய்கறி எங்கே வாங்குவது, குழந்தை எங்கே விளையாடுவது, அடுத்த வீட்டில் பட்டறை வரலாமா, மழைத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். முதல் முழுமைத் திட்டம் 1975-ல் அமலுக்கு வந்தது. இரண்டாவது திட்டம் 2008-ல் வந்தது. 2026-ம் வருஷத்தைக் குறியாக வைத்துப் போட்டது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கும் என்று கணக்கு. தொட்டிலில் கிடக்கும் குழந்தை தனிக்குடித்தனம் போகும் வரைக்கும் இப்போதே யோசிப்பது என்றால் விளையாட்டா?

போட்ட புள்ளி கோலமானதற்கு ஓர் உதாரணம், கோயம்பேடு. ஒரு காலத்தில் சென்னைக்கே காய்கறி கொத்தவால் சாவடியிலிருந்துதான். குறுகலான சந்து, மாட்டு வண்டி, லாரி, காலடியில் அழுகிய இலை! மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோய் நெரிசலைக் குறைப்பது என்ற யோசனை ஏட்டில் ஏறியது 1970-களில். கோயம்பேட்டு மார்க்கெட் திறந்ததோ 1996-ல்! இடையில் நிலத்தை வாங்க வேண்டியிருந்தது. கடைகள் கட்ட வேண்டியிருந்தது. வியாபாரிகள் பழைய இடத்தை லேசில் விடுவார்களா? காய்கறி, பழம், பூ மொத்த வியாபாரம் இன்ன இடத்தில்தான் நடக்கலாம் என்று அதே 1996-ல் தனிச் சட்டமே போட்டார்கள். நிலம், பணம், கட்டடம், சட்டம் நான்கும் சேர்ந்த பிறகுதான் இழை முடிந்தது.

இழை அறுந்து போவதும் உண்டு. வரைபடத்தில் ஓர் இடம் பூங்காவுக்கு என்று பச்சையாக இருக்கிறது. மனசு குளிர்ந்து போகிறோம். ஆனால் 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் பேசி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கையகப்படுத்தும் அறிவிப்பாவது வெளியாக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். பச்சை நிறம் காகிதத்தில் இருக்கும். தரையில் கடை எழும்பலாம்.

இதைப் படித்ததும் கோபம் வருகிறது அல்லவா? நிலத்துக்காரர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு அந்த மனையைத்தான் நம்பியிருப்பார். கட்டவும் முடியாமல், விற்கவும் முடியாமல், சர்க்கார் என்றைக்குப் பணம் தரும் என்று ஆயுள் முழுவதும் காத்திருக்கச் சொல்வது நியாயமா? குற்றம் சட்டத்தில் இல்லை. பட்டியல் எழுதிய கை, பணத்தை எடுத்து வைக்காததுதான் குற்றம். தீபாவளி ஜவுளிக்குச் சீட்டுக் கட்டாமல் கடை வாசலில் போய் நின்றால் புடவை கிடைக்குமா?

காசில்லாமல் கைக்கு வரும் இடமும் ஒன்று உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிக்கிறவர்கள், அதில் 10 சதவிகிதத்தைத் திறந்த வெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் பேட்டையிலும் அப்படி ஒரு துண்டு நிலம் இருக்கக்கூடும். வேலி போட்டிருக்கிறதா? ஊஞ்சல் ஆடுகிறதா? குப்பை குவிந்திருக்கிறதா? மனைப் பிரிவின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்கிறவர்கள்தானே நாம்!

இன்னொரு சங்கதியும் தெரிந்திருக்கட்டும். முழுமைத் திட்டத்தின் நகல் வெளியானதும், ஆட்சேபமும் யோசனையும் சொல்ல ஜனங்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். படித்த பட்டம் வேண்டியதில்லை. எழுத்தில் கொடுத்தால் போதும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடம் கட்டுவதற்கு இரண்டாவது திட்டம் தனியாகக் கட்டுப்பாடு வைத்தது நம் குடத்துக்காகத்தான். அந்தக் கட்டுப்பாடு அடுத்த திட்டத்திலும் வேண்டும் என்று தண்ணீர் பிடிக்கிறவள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

மத்தியானம் வேலை ஓய்ந்ததும், அக்கம் பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, உங்கள் தெரு வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்க மட்டும் மறந்துவிடாதீர்கள்!