இரண்டு இனிஷியல் காணவில்லை

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். அச்சகத்துக்கு நீங்கள் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களே கல்யாணப் பத்திரிகை ஃபைல், அதில் எழுத்தே கிடையாது. 'நிகழும் மங்களகரமான' என்று ஸ்கிரீனில் தெரிந்ததே என்பீர்கள். தெரிந்தது உங்கள் கம்ப்யூட்டரில் குடியிருக்கும் ஃபான்ட்டின் தயவால். ஃபைலில் இருப்பது, 'இன்ன ஃபான்ட்டில் இத்தனையாம் நம்பர் எழுத்தை இந்த இடத்தில் போடவும்' என்கிற உத்தரவு மட்டும்.

நான் பி.காம். எதையும் பாங்க் பாஷையில் சொன்னால்தான் எனக்குப் புரியும். ஃபைல் என்பது செக். ஃபான்ட்தான் பணம். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கே இல்லையென்றால் செக் பவுன்ஸ். பாங்க்காவது திருப்பி அனுப்பும். பல சமயம் கம்ப்யூட்டர் அதைக்கூடச் செய்யாது. கைக்குக் கிடைத்த வேறொரு ஃபான்ட்டைப் போட்டு அடித்துத் தள்ளிவிடும். ஆங்கிலமாக இருந்தால் முகம் மாறுமே தவிர, படித்துவிடலாம். தமிழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்தவை. பாமினி ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, செமிகோலன், கே, ஹெச். பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் அம்மாவைக் காணோம், இந்த ஐந்தும்தான் பல்லிளிக்கும். இன்னொரு கம்பெனி ஃபான்ட்டில் அதே அம்மா வேறு வீட்டில் இருப்பாள். 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று பொதுத் தரம் வகுத்தார்கள். அதற்குள் ஊர் ஊராக டி.டி.பி. சென்டர்கள் ஆளுக்கொரு வரிசையில் அடித்துக் குவித்தாகிவிட்டது.

இப்போது செய்கிற ஃபைலுக்குப் பரிகாரம் இருக்கிறது. முதலாவது பி.டி.எஃப். அடோபி 1993-ல் கொண்டுவந்தது. ஃபான்ட்டையும் உள்ளே வைத்துத் தைத்து அனுப்பலாம். செக் இல்லை, பணம் கட்டி எடுத்த டி.டி. ஆனால் பி.டி.எஃப். என்றாலே உள்ளே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அக்ரோபேட்டில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் போய், ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கவேண்டும். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள். 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய ரக ஃபான்ட்டுகளை அடோபி தன் மென்பொருள்களில் கைகழுவிவிட்டது. ஆனால் பழைய பி.டி.எஃப்.களுக்குள் தைத்து வைத்த டைப் 1 எழுத்துகள் இன்னமும் சமர்த்தாக அச்சாகின்றன.

சப்செட் என்றால் சிக்கனம். பயன்பட்ட எழுத்துகள் மட்டும் உள்ளே இருக்கும். அச்சகத்தில் வைத்து, "ஐயையோ, ஞானாம்பா சித்தி பேரை விட்டுட்டோமே!" என்று அலறினால், முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்தான் சித்திக்கு 'ஞ' கிடைக்கும்.

இரண்டாவது பரிகாரம், "கர்வ் போட்டு அனுப்பிடுங்க ஸார், தலைவலி விட்டுது" என்று அச்சகத்துக்காரர்கள் சொல்வது. கோரல் டிராவில் கன்ட்ரோலோடு க்யூவை அழுத்தினால் எழுத்தெல்லாம் வெறும் கோட்டுப் படமாகிவிடும். அப்புறம் ஃபான்ட்டே வேண்டாம். ஆனால் இது வளையலை உருக்குகிற காரியம். தங்கம் இருக்கும், வளையல் திரும்பி வராது. தேதியில் ஒரு தப்பு என்றாலும் பழைய ஃபைலுக்குத்தான் ஓடவேண்டும். தவிர, 300 டி.பி.ஐ. லேசர் பிரிண்டரில் 10 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் சுமார் 42 புள்ளி. அதற்குள் சுழிகளை எப்படி அடைக்காமல் காப்பாற்றுவது என்று நல்ல ஃபான்ட்டுக்குள் குறிப்பு இருக்கும். கர்வ் போட்டால் அந்தக் குறிப்பு போச்சு. எழுத்து தடிக்கும், மூணு சுழி ண மூச்சு முட்டும். பத்திரிகைக்குக் கர்வ் சரி, புத்தகத்துக்குக் கூடாது என்பது என் கட்சி.

சரி, 1998-ல் செய்த ஃபைலுக்கு என்ன பரிகாரம்? இங்கேதான் என் பெரியப்பா வருகிறார்.

தமிழாசிரியராக இருந்தவர். 1998-ல் எங்கள் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். பின்னிணைப்பில், ஊர்க் குளத்தைத் தூர்வாரப் பணம் கொடுத்தவர்கள் பட்டியல். இந்த வருஷம் அவருக்கு எண்பது. "பட்டு வேட்டியெல்லாம் வேணாம்டா. புஸ்தகத்தை மறுபடி அச்சுப் போட்டுக் கையில குடு" என்றார். மிச்சம் இருந்தது ஒரே பிரதி. பட்டியலைக் கரையான் வாசித்து முடித்திருந்தது. ஸி.டி.யில் பேஜ்மேக்கர் ஃபைல் இருந்தது. ஃபான்ட் இல்லை. டி.டி.பி. சென்டர் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை.

பேஜ்மேக்கரே 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன சங்கதி. பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்த நண்பன் வீட்டில் திறந்தோம். பக்கம் பக்கமாகச் செமிகோலனும் பிராக்கெட்டும். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதையாடா நான் எழுதினேன்?"

பிரபலமான ஃபான்ட் என்றால் யூனிகோடாக மாற்றித் தர கன்வர்ட்டர்கள் இருக்கின்றன. இது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஃபான்ட். நல்லவேளை, கரையான் தொடாத பக்கங்கள் இருந்தன. அச்சில் 'குளம்' என்றிருக்கும் இடத்தில் ஃபைலில் என்ன குறி என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, மூன்று ராத்திரியில் சாவி தயாரித்து, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். இரண்டு எழுத்து மட்டும் எங்கேயும் வரவில்லை. மு, சு.

கம்ப்யூட்டர் சம்பிரதாயத்தில் 160-ஆம் நம்பர் ஒரு வெற்றிடம். 173, தேவைப்பட்டால் மட்டும் தலைகாட்டும் ஹைபன். காலி மனை என்று நினைத்து ஃபான்ட் செய்த புண்ணியவான் இந்த இரண்டையும் அங்கே குடிவைத்திருக்கிறார். காப்பி எடுத்தபோது இரண்டும் கரைந்துவிட்டன. (இவரை மட்டும் திட்டிப் பயனில்லை. டிஸ்கி என்ற தரத்திலேயே முதலில் 'இ' இருந்தது 173-ல்தான். பிறகு 254-க்கு வீடு மாற்றினார்கள்.) மூல ஃபைலை நோண்டலாமென்றால், ஸி.டி. அன்றைக்கே கண்ணை மூடிவிட்டது.

'த்துசாமி' என்றால் முத்துசாமி, 'ப்பையா' என்றால் சுப்பையா. பெரியப்பா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து நிரப்பிக்கொண்டே வந்தார். பட்டியலில் நின்றார். ஒரே பெயரில் இரண்டு பேர், அடுத்தடுத்து. ஒருவர் இனிஷியல் மு., இன்னொருவர் சு. ஃபைலில் இருவருக்கும் வெறும் புள்ளி. ஒருவர் கொடுத்தது 50 ரூபாய், மற்றவர் 500. பெயரைச் சொல்லமாட்டேன், நான் ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது.

போன் போட்டோம். இரண்டு வீட்டுப் பேரன்களும் "எங்க தாத்தாதான் ஐநூறு" என்றார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், டாலி ஆனது. யார் எது என்று டாலி சொல்லாது. "ரெண்டு பேருக்கும் ஐநூறு போட்டுட்டாப் போச்சு" என்றான் நண்பன்.

"அப்ப அந்த நானூத்தம்பது குளத்துல எங்க இருக்குன்னு கேட்டா, நீ பதில் சொல்வியா?" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேனாவைத் திறந்தார். "பட்டியலை அகரவரிசையில எழுதினவன் நான். பேரு ஒண்ணா இருந்தா இனிஷியலைப் பார்ப்பேன். 'ச' முன்னே, 'ம' பின்னே."

முன்னே இருந்தது 50.

ஃபான்ட்டுகள் எல்லாம் எம்பெடட் சப்செட் என்று சரிபார்த்து, பி.டி.எஃப். அச்சகத்துக்குப் போய்விட்டது. சு. வீட்டுப் பேரன் பத்துப் பிரதி சொல்லியிருந்தார். இப்போது இரண்டு போதும் என்கிறார்.