தாரில் வென்றது சிமென்ட்டில் வெல்லாது

‘பிளாஸ்டிக் கழிவு தார்ச் சாலையில் வெற்றி கண்டது, கான்கிரீட் சாலையிலும் கலந்தால் உறுதியும் கூடும், குப்பையும் தீரும்’ என்று சிலர் வாதிடுகிறார்கள். நோக்கம் நல்லது, வாதம் தவறு.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை இது: சுமார் 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய ஜல்லியின்மீது பிளாஸ்டிக் துகள்களைத் தூவுகிறார்கள். அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சைத் தார் இறுகப் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் இறங்குவது குறைகிறது. உறுதிக்குக் காரணமே அந்த உருகல்தான்.

கான்கிரீட் கலவையில் பிளாஸ்டிக் உருகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. பிளாஸ்டிக்கோ தண்ணீரை ஒட்டவிடாது. மணலுக்குப் பதிலாக அரைத்த பாட்டிலைப் போட்டு வார்த்த கட்டியை உடைத்தால், துண்டுகள் சிமென்ட்டைப் பிடிக்காமல் வழுவழுவென்று கழன்று வரும். அளவு கூடக்கூட அழுத்த வலிமை குறையும்.

உறுதி கூடும் என்பதற்கு, அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர்களின் 2017 ஆய்வைச் சான்று காட்டுகிறார்கள். அந்த மாணவர்கள் காமாக் கதிர் பாய்ச்சிய பிளாஸ்டிக் தூளைச் சிறிதளவே சேர்த்தார்கள். முறையாகத் தயாரித்த பிளாஸ்டிக் இழைகள் விரிசல் பரவாமல் தடுக்கும் என்பதும் உண்மையே. இரண்டும் தேர்ந்து பக்குவப்படுத்திய பொருள்கள். குப்பைமேட்டில் அள்ளிய பைகள் அல்ல.

சாலை, குப்பையைப் புதைக்கும் இடமன்று. இத்தகைய சாலைக்கு ஒப்பந்தம் கேட்பவர்கள் முதலில், கான்கிரீட்டை வார்த்து 28 நாள் கழித்துச் செய்யும் வலிமைச் சோதனையின் முடிவை மக்கள் முன் வைக்கட்டும்.